பயப்படாத பேய்ப் படங்கள்

போன மாதம் ஒரு பேய்க் காமெடிப் படத்துக்குப் போயிருந்தேன். படத்தின் பெயர் வேண்டாம், எடுத்தவர்கள் பாவம். எனக்கு முன் வரிசையில் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன், அப்பா அம்மாவோடு வந்திருந்தான். திரையில் வெள்ளைக் கண்ணோடு பேய் கூரையில் தலைகீழாக ஊர்ந்து வருகிறது, அவன் பாப்கார்ன் டப்பாவின் அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். காது கிழியச் சத்தம் வந்தபோது மட்டும் முகத்தைச் சுளித்தான். இடைவேளை முடிந்து அந்தப் புகையிலை எச்சரிக்கை விளம்பரம் வந்ததே, அப்போதுதான் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, "போயிடுச்சாம்மா, போயிடுச்சாம்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அன்றைக்கு அந்த அரங்கில் ஒரு உயிர் பயந்தது என்றால் அந்த அரை நிமிஷம்தான்.

வீட்டுக்கு வந்தும் அது மனதை விட்டுப் போகவில்லை. இருபது வருஷமாகப் பேய்ப் படம் என்றால் முதல் நாளே போய் நிற்கிற ஆள் நான். நல்லது, கெட்டது, மகா கெட்டது எல்லாம் பார்த்தாயிற்று. அந்த உரிமையில் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். நீளமாகப் போகும், டீ இருந்தால் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

என் கட்சி இதுதான்: பேய்க் காமெடியில் சிரிப்பு வர வேண்டிய இடம் பயந்தவனின் உடம்பு. அவன் நிஜமாகவே பயப்பட வேண்டும். இப்போது வருகிற படங்களில் பாதிக்கு மேல் யாருமே பயப்படுவதில்லை. பேயைப் பார்த்தவுடன் ஒரு பஞ்ச், பக்கத்தில் நிற்பவரின் உருவத்தை வைத்து ஒரு கிண்டல், அப்புறம் எல்லோரும் ஒரே திசையில் ஓடுவது. அடுத்த காட்சியில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இன்னொரு கிண்டல். அவர்களே பயப்படாதபோது, காசு கொடுத்து உள்ளே வந்த நான் எதற்குப் பயப்பட வேண்டும்?

சந்திரமுகியில் வடிவேலுவை எடுத்துக்கொள்ளுங்கள். 2005 சித்திரை முதல் நாள் வந்த படம், நான் அப்போது ஒன்பதாவது முடித்த விடுமுறையில் இருந்தேன். அதில் பேயே கிடையாது, மனநோய்தான் கதை. 1993-இல் ஃபாசில் மலையாளத்தில் எடுத்த மணிச்சித்திரத்தாழ், கன்னடத்தில் ஆப்தமித்ராவாகி, அதை எடுத்த பி. வாசுவின் கையாலேயே நமக்கு வந்து சேர்ந்தது. ஆனால் இன்றைக்கும் ராத்திரி பதினொரு மணிக்கு டிவியில் போட்டால் சேனலை மாற்றாமல் உட்கார வைப்பது வடிவேலுவின் முருகேசன்தான். அவர் வாய் வீரம் பேசும், முழங்கால் வேறு பேசும். கழுத்தைத் திருப்பலாமா வேண்டாமா என்று அந்த மனுஷன் தனக்குள்ளே நடத்துகிற பஞ்சாயத்து முழுவதும் முகத்தில் ஓடும். நகைச்சுவைக்காகப் பயப்படுவதுபோல் பாவனை செய்கிறார் என்று ஒரு நொடிகூடத் தோன்றாது. அவர் பயந்து பயந்து நமக்குள்ளும் ஒரு பயத்தை ஏற்றிவைத்ததால்தான் பின்னால் ஜோதிகா கண்ணை உருட்டும்போது அரங்கமே கப்சிப் என்றானது. 2023-இல் வந்த இரண்டாம் பாகத்தில் அதே வாசு, அதே வடிவேலு, அதே மாளிகைக் கதை. சரி, அதைப் பற்றி அதிகம் பேசினால் எனக்குத்தான் வருத்தம்.

ராகவா லாரன்சும் ஆரம்பத்தில் இந்த ரகசியம் தெரிந்தவர்தான். முனி 2007, காஞ்சனா 2011. காஞ்சனாவின் கதாநாயகன் இருட்டிவிட்டால் அம்மா துணை இல்லாமல் பாத்ரூம் போகமாட்டான். தமிழ் சினிமாவில் ஒரு ஹீரோவை இப்படிக் காட்டுவதற்குத் தைரியம் வேண்டும். கோவை சரளாவும் தேவதர்ஷினியும் மாமியார் மருமகளாக அந்த வீட்டில் நடத்துகிற கூத்தும் அப்படித்தான். பேயைவிட மருமகளிடம் தோற்றுவிடக் கூடாது என்ற பயம் மாமியாருக்கு. அப்புறம் சரத்குமார் திருநங்கையாக வருகிற அந்தப் பகுதி. அதுவரை திருநங்கை என்றால் கைதட்டிக் கேலி செய்துவிட்டுப் போன சினிமாவில், அந்தப் பாத்திரத்துக்காக ஜனங்கள் அழுதார்கள். ஆனால் அடுத்தடுத்த பாகங்களில் ஹீரோவின் பயம் ஒரு சடங்காக மாறிவிட்டது. முதல் அரை மணி நேரம் அம்மா இடுப்பில் ஏறிக்கொள்வார், அப்புறம் சுமோக்கள் பறக்கும். 2019-இல் மூன்றாம் காஞ்சனா பார்த்தபோது, பயந்தாங்கொள்ளியைத் தேடிப்போன எனக்கு இன்னொரு மாஸ் ஹீரோ கிடைத்தார்.

2014-லிருந்து இரண்டு மூன்று வருஷம் ஒரு பேய் மழை பெய்ததே, ஞாபகம் இருக்கிறதா? வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஒரு பங்களா. அதில் எனக்கு மிச்சம் இருப்பது யாமிருக்க பயமே. கொல்லிமலைப் பக்கம் கிடைத்த பழைய வீட்டை லாட்ஜாக்குகிறார்கள், வந்து தங்குகிறவர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள், இவர்கள் பிணத்தைப் புதைத்துவிட்டு அடுத்த வாடிக்கையாளருக்கு அறையைக் கூட்டிவைக்கிறார்கள். "பேய் இருக்குன்னு தெரிஞ்சும் ஏன்டா அங்கேயே இருக்கீங்க?" என்று நாம் எல்லாப் படத்திலும் கேட்கிற கேள்விக்கு, கடன் என்று ஒரே சொல்லில் பதில் வைத்திருந்தார்கள். கடன்காரனுக்குப் பேய் இரண்டாம்பட்சம்தான், அதை நானே கையெழுத்துப் போட்டுச் சொல்வேன்.

சமீபத்துக்கு வருகிறேன். 2023-இல் வந்த டிடி ரிட்டர்ன்ஸ் எனக்குப் பிடித்ததற்கும் அதே காரணம். பணமூட்டை பங்களாவுக்குள் மாட்டிக்கொண்டது. எடுக்கப் போனால் பேய்கள் சூதாடக் கூப்பிடுகின்றன, தோற்றால் உயிர் போகும். விதிமுறை நமக்கும் புரிகிறது, பாத்திரங்களுக்கும் புரிகிறது. அதனால் சந்தானத்தின் ஒவ்வொரு வார்த்தையும் கழுத்தில் கத்தி இருக்கிறவனின் வார்த்தையாகக் கேட்கிறது. அதே இயக்குநர் பிரேம் ஆனந்த், அதே சந்தானம், 2025-இல் டிடி நெக்ஸ்ட் லெவல். யோசனை என்று பார்த்தால் இதுதான் பெரியது. படங்களைக் கிழித்துத் தொங்கப்போடுகிற விமர்சகனை, செல்வராகவன் பேயாக இருக்கிற தியேட்டர் ஒன்று படத்துக்குள்ளேயே இழுத்துப் போட்டுக்கொள்கிறது. முகநூலில் விமர்சனம் எழுதுகிற எனக்கு ட்ரெய்லர் பார்த்தபோதே லேசாக வயிற்றைக் கலக்கியது. ஆனால் "இது படம்தானே" என்கிற நினைப்பு படத்துக்குள்ளேயே எல்லோர் வாயிலும் இருக்கிறது. படம்தான் என்று தெரிந்தபின் யாருக்குப் பயம்? கிண்டல் மட்டும் வந்துகொண்டே இருந்தது, சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அரண்மனை பற்றிச் சொல்லாமல் போனால் சுந்தர் சி ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். 2014-இல் தொடங்கிய கடை, 2024 மே மாதம் நான்காம் பாகம், அரங்குகளில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம். சூத்திரம் தெரிந்ததுதான்: அநியாயமாகச் செத்தவரின் ஃப்ளாஷ்பேக், அம்மன் பாட்டு, வேப்பிலைக் காற்று, சுபம். நான்காவதில் குஷ்புவும் சிம்ரனும் அம்மன் பாட்டுக்கு வந்து ஆடியபோது பின்வரிசைப் பெண்கள் விசிலடித்தார்கள், நானும் கைதட்டினேன், பொய் சொல்ல விரும்பவில்லை. அந்தப் பாகத்தில் எனக்கு உண்மையிலேயே பிடித்த சமாச்சாரம் பேய்தான். அசாம் நாட்டுப்புறக் கதைகளில் வருகிற பாக் என்கிற நீர்ப் பேயைக் கொண்டுவந்திருந்தார்கள். எதிரே நிற்பவன் மச்சானா, மச்சான் உருவத்தில் வந்த பேயா என்று தெரியாது. இதை வைத்து ஒரு முழுநீளக் காமெடியே எடுக்கலாம்! அவர்கள் தமன்னாவின் தாய்ப்பாசத்தை எடுத்துக்கொண்டார்கள், யோகி பாபு கூட்டணியைத் தனியாக ஒரு ஓரத்தில் விட்டுவிட்டார்கள். பயம் ஒரு ரயில், சிரிப்பு ஒரு ரயில், இரண்டும் எதிரெதிர் தண்டவாளத்தில் கடந்து போயின.

நமக்கு அக்கம்பக்கத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. 2023-இல் மலையாளத்தில் ரோமாஞ்சம். 2007 பெங்களூரில் ஒரு வாடகை வீடு, வேலைவெட்டி அதிகம் இல்லாத ஏழு பையன்கள், பொழுதுபோகாமல் கேரம் போர்டில் எழுத்தை எழுதி டம்ளரைக் கவிழ்த்து ஆவியைக் கூப்பிடுகிறார்கள். இயக்குநர் ஜித்து மாதவன் தன் சொந்த அனுபவத்திலிருந்து எடுத்தாராம். பேச்சிலராக மேன்ஷனிலோ ரூமிலோ இருந்தவர்களுக்கு அந்த வீட்டின் வாடையே தெரியும்: காயாத துண்டு, பங்கு பிரித்த பரோட்டா. அந்த வீட்டில் பேய் வருவதற்கு முன்பே எல்லோருக்கும் எதிர்காலத்தைப் பற்றி ஒரு பயம் இருக்கிறது, அதுதான் விஷயம்.

இந்தியில் ஸ்த்ரீ. சந்தேரி ஊரில் திருவிழா நாட்களில் ராத்திரி ஆண்களைப் பேய் தூக்கிக்கொண்டு போகும், அதனால் ஆண்கள் இருட்டுமுன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், தனியாகப் போகக் கூடாது. நம் வீட்டுப் பெண்களுக்கு நாம் தினமும் சொல்கிற அதே அறிவுரை. சுவரில் "பெண்ணே நாளை வா" என்று எழுதிவைப்பார்கள், பேயும் படித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். கர்நாடகத்தில் "நாளே பா" என்று வீட்டுக் கதவில் எழுதிவைத்ததாக ஒரு கதை உண்டு, அதிலிருந்து வந்தது. நமக்கு "இன்று போய் நாளை வா" என்று கம்பனே எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், நாம் அதைப் பேய்க்குச் சொல்லவில்லை. இரண்டாம் பாகம் 2024 ஆகஸ்ட் 15-இல் வந்தது. நம் டிமான்டி காலனி 2-வும் அன்றைக்குத்தான். அந்த முதல் டிமான்டி காலனி, நாலு நண்பர்கள், ஒரு அறை, அவர்கள் சாவதை அவர்களுக்கே காட்டுகிற டிவி. அதன் முதல் பாதியில் வருகிற குடிகாரச் சிரிப்பு பின்பாதியில் தொண்டையில் அடைக்கும். இரண்டாம் பாகத்தில் மர்மம் கூடி, அறை காணாமல் போய்விட்டது.

சிரிப்பே இல்லாத பேய்ப் படங்களைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். ஒன்று மட்டும்: பிரமயுகத்தில் கறுப்பு வெள்ளையில் மம்மூட்டி ஒரு சிரிப்புச் சிரிப்பார். பார்க்காதவர்கள் பார்த்துவிடுங்கள், கதவைச் சாத்திவிட்டு.

இப்போது என்னை இந்தப் பதிவு எழுத வைத்த படம். 2025 ஜூலையில் வந்த கன்னடப் படம், சு ஃப்ரம் சோ. ஜே.பி. துமிநாடு எழுதி இயக்கி அவரே நடித்தது, ராஜ் பி. ஷெட்டி தயாரிப்பு. கடலோரக் கர்நாடகத்தில் ஒரு கிராமம். ஒருத்தன் பெண் குளிக்கிற இடத்தில் எட்டிப்பார்த்து மாட்டிக்கொள்கிறான். அடியிலிருந்து தப்பிக்கப் பேய் பிடித்ததுபோல் நடிக்கிறான். ஊர் நம்பிவிடுகிறது. சோமேஸ்வரத்துச் சுலோசனா என்று பேருக்கும் ஊருக்கும் ஆள் கிடைத்துவிடுகிறது. இனி அவன் நினைத்தாலும் நிறுத்த முடியாது. நிறுத்தினால் அடி, தொடர்ந்தால் பேயோட்டி! படத்தில் பேயே இல்லை, ஆனால் ஊரில் ஒவ்வொருவர் பயமும் அசல். எல்லோரும் அண்ணா என்று மரியாதையோடு கூப்பிடுகிற அந்த ரவியண்ணா, பயத்தை மீசைக்குள் ஒளித்துக்கொண்டு முன்னால் நடக்கிற நடை இருக்கிறதே, வடிவேலுவுக்கு அப்புறம் நான் பார்த்த நல்ல நடை அது.

இது எனக்கு ஏன் இவ்வளவு ஒட்டியது என்றால், எங்கள் தெருவிலேயே இது நடந்திருக்கிறது. நான் சின்னப் பையனாக இருந்தபோது நாலு வீடு தள்ளி ஒரு அத்தைக்கு ஆடி மாதம் பேய் பிடிக்கும். தலையை விரித்துப் போட்டுக்கொண்டு திண்ணையில் ஆடுவார். உடுக்கையடிக்க ஆள் வரும், வேப்பிலை வரும், நாங்கள் தூணுக்குப் பின்னால். "யாரு நீ? என்ன வேணும்?" என்று பூசாரி கேட்டால், பேய் முதலில் கருவாட்டுக் குழம்பு கேட்கும். அடுத்து மாமாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இனிமேல் குடிக்கமாட்டேன் என்று கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்யச் சொல்லும். பேயாக இருக்கும்போது மட்டும்தான் அத்தை மாமாவை "டேய்" என்பார். மாமா நடுங்கிக்கொண்டே சத்தியம் செய்வார், ஒரு மாதம் குடிக்கமாட்டார். அங்கே யாரும் சிரிக்கமாட்டார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபின் எங்கள் அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார், கருவாட்டுக் குழம்பை நினைத்து. அப்புறம் படுக்கப் போகும்போது வாசல்படியில் செருப்பையும் விளக்குமாற்றையும் குறுக்கே போட்டுவிட்டுத்தான் படுப்பார். அதே மனுஷன்தான்.

அந்த அப்பாவை எந்தத் தமிழ்ப் படத்திலும் நான் இன்னும் பார்க்கவில்லை. நம் படங்களில் சிரிக்கிறவர் சிரித்துக்கொண்டே இருக்கிறார், செருப்பை எடுத்து வைப்பதில்லை.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது சு ஃப்ரம் சோவை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். கன்னடம், கீழே ஆங்கிலம் ஓடுகிறது. பாதிக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன், மீதிக்கு அம்மாவே வசனம் போட்டுக்கொண்டார். பொய்ப் பேய் ஆடத் தொடங்கியதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நான் சமயம் பார்த்து, "அத்தையும் இப்படித்தானே நடிச்சுச்சு?" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. "அப்படியெல்லாம் சொல்லாத. மத்த நாள் நடிச்சாளோ என்னமோ, ஒரு நாள் நிஜம்டா. அந்தக் குரல் அவ குரல் இல்ல" என்றார். எந்த நாள் என்று கேட்டேன், சொல்லவில்லை.

படம் முடிந்தது, மணி பத்தரை. அம்மா எழுந்து சமையலறை விளக்கைப் போட்டார், கொல்லைக் கதவின் தாழ்ப்பாளில் கையை வைத்தார், எடுத்துக்கொண்டார். "கொஞ்சம் அந்த டார்ச்ச எடுத்துக்கிட்டு வந்து நில்லேன், கை கால் கழுவிட்டு வந்துடறேன்" என்றார். நான் நின்றேன். கிணற்றடி முருங்கை மரத்தின் பக்கம் மட்டும் டார்ச்சை அடிக்கவில்லை.