பாதிதான் சரி

பொருளியலில் சோதித்துப் பார்க்கக்கூடிய எதிர்வுகூறலே இல்லை, அதனால் அது விஞ்ஞானமல்ல என்கிறது நான் வாசித்த ஒரு கட்டுரை. எனக்கு அது பாதிதான் சரி. 2021இல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பலசரக்குக் கடை வைத்திருந்தேன். பால்மாவுக்கு அரசின் கட்டுப்பாட்டு விலை இருந்த நேரம், இறக்குமதிச் செலவோ ஏறிக்கொண்டே போனது. இப்படியானால் சாமான் கடைக்கு வராது என்று பாடப்புத்தகம் முன்பே சொல்கிறது. அப்படியே நடந்தது: தட்டு வெறுமை, வாசலில் வரிசை, தெரிந்தவர்களுக்கு மட்டும் ஒரு பைக்கற் (நானும் கொடுத்தேன், மறைப்பானேன்). ஒக்டோபரில் கட்டுப்பாட்டை நீக்கினார்கள், விலை ஏறியது. ஆனால் அப்போது இறக்குமதி செய்ய நாட்டில் போதிய டொலரும் இல்லை. எது எவ்வளவு காரணம் என்று பிரித்துப் பார்க்க, டொலர் உள்ள இன்னொரு இலங்கை வேண்டும். அதற்கு எங்கே போவது?

சில நேரம் அப்படியொன்று கிடைக்கும். 1992இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை 4.25 டொலரிலிருந்து 5.05 ஆக்கியது, பக்கத்துப் பென்சில்வேனியா மாற்றவில்லை. வேலை குறையும் என்பதுதான் வழக்கமான எதிர்வுகூறல். டேவிட் கார்ட், அலன் குரூகர் என்ற இரு பொருளியலாளர்கள் இரண்டு பக்கமும் துரித உணவுக் கடைகளை விசாரித்தார்கள். குறையவில்லை. சோதிக்கவே முடியாத கூற்று என்றால் இப்படித் தோற்றிருக்காதே? சரி, அந்த முடிவைப் பற்றியும் பொருளியலாளர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள்.