ட்ரூமன் திவாலானாரா?

அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமன் துணிக்கடை வைத்துத் திவாலானார், பதவி முடிந்தபின் 13,507.72 டாலர் ராணுவ ஓய்வூதியம் மட்டுமே அவருக்கு ஆண்டு வருமானம் என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. பாதி உண்மை, பாதி கதை.

முதல் உலகப் போரில் பீரங்கிப் படை கேப்டனாக இருந்து திரும்பியவர், 1919இல் நண்பர் எடி ஜேக்கப்சனோடு கான்சஸ் சிட்டியில் கடை போட்டார். சட்டை, டை, தொப்பி வியாபாரம். 1922இல் கடை மூடியது. மஞ்சள் கடுதாசி கொடுத்தவர் ஜேக்கப்சன்தான், அதுவும் 1925இல். ட்ரூமன் கடைசிவரை கொடுக்கவில்லை. அரசியலுக்கு வந்தபிறகும் பல வருடம் கடனைக் கட்டிக்கொண்டிருந்தார். அவரைப் பாராட்ட வேண்டுமென்றால் இதுவே போதுமே!

சரி, ஓய்வூதியம்? மாதம் 112.56 டாலர். பன்னிரண்டால் பெருக்கினால் 1,350.72. ஃபார்வர்டில் உள்ள எண்ணைப் பாருங்கள்: நடுவில் ஒரு 7 கூடுதலாக நுழைந்திருக்கிறது, தொகை பத்து மடங்காகிவிட்டது. யாரோ கைதவறித் தட்டியதாகத்தான் தோன்றுகிறது.

அதை மட்டும் நம்பி அவர் வாழவுமில்லை. 1949 முதல் பதவி முடியும்வரை அவருடைய அதிபர் சம்பளம் ஆண்டுக்கு 1,00,000 டாலர், செலவுப்படி தனியாக 50,000. 1953இல் பதவி முடிந்ததும் நினைவுக் குறிப்புகளுக்கு 6,00,000 டாலர் ஒப்பந்தம். அதில் வரி கணிசமாகப் போனது, அது வேறு விஷயம். முன்னாள் அதிபர்களுக்கு 25,000 டாலர் ஓய்வூதியம் தரும் சட்டம் 1958இல்தான் வந்தது.