மிஞ்சியதைத்தானே கேட்டேன்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருச் சங்கக் கூட்டத்தில் நடந்தது காட்பாடிக்காரர்கள் பாதிப் பேருக்கு இதற்குள் தெரிந்திருக்கும். இரண்டு நாளாக மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன். பொங்கல் போட்டிகளுக்கு வசூலித்ததில் ஆறாயிரம் ரூபாய் மிச்சம். அதில் பாதியைச் சூடான் குழந்தைகளின் சாப்பாட்டுக்கு ஐ.நா. உணவுத் திட்டத்துக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். "தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும். முதல்ல நம்ம தெரு சாக்கடையைப் பாருங்க டீச்சர்" என்றார் ஒருவர். கூட்டமே சிரித்தது.

மிஞ்சிய பணத்தைத்தானே ஐயா கேட்டேன்?

சாக்கடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்காக மாநகராட்சிக்கு மூன்று முறை மனு எழுதிக்கொண்டு போனவள் நான்தான். சிரித்தவர்களில் ஒருவரும் கூட வரவில்லை.

வெளிநாட்டுக்காரனுக்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும் என்ற கேள்வியை வேறு எந்த ஊரில் கேட்டாலும் பொறுத்துக்கொள்வேன். வேலூரில் கேட்கக் கூடாது. எங்கள் பெரியப்பா குடியாத்தத்தில் குழித்தறியில் லுங்கி நெய்தவர். தொழுநோயில் வலது கை விரல்கள் கொக்கிபோல மடங்கிவிட்டன. பாவில் ஓர் இழை அறுந்தால் பிணைக்க முடியாது; பெரியம்மாவைக் கூப்பிட வேண்டும். கரிகிரி ஆஸ்பத்திரியில் நல்ல தசைநாண் ஒன்றை எடுத்து மடங்கிய விரல்களுக்கு மாற்றிக் கட்டினார்கள். மாதக்கணக்கில் பயிற்சி. நான் சின்னப் பெண்ணாகத் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்: கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, இரண்டு நுனியையும் எச்சில் தொட்டு முறுக்கி, அவரே பிணைப்பார். பிணைத்துவிட்டு என்னைப் பார்ப்பார்.

அந்த அறுவை சிகிச்சையை வேலூரில் வளர்த்தெடுத்தவர் பால் பிராண்ட். ஆங்கிலேயப் பெற்றோருக்கு நம் கொல்லிமலையில் பிறந்தவர். 1955-ல் தொடங்கிய கரிகிரி ஆஸ்பத்திரியின் பெயரில் இருக்கும் ஷெஃப்லின் ஓர் அமெரிக்கர். முதலில் எங்கள் ஊர்ச் சாக்கடையைப் பார்க்கிறோம் என்று அவர்கள் சொல்லியிருந்தால் எங்கள் பெரியப்பா என்ன ஆகியிருப்பார்?

"மதம் மாற்ற வந்தவர்கள்தானே" என்று அடுத்து வருவீர்கள். அந்தக் கேள்வியே தப்பு என்று சொல்ல மாட்டேன். பெரியப்பா சாகும்வரை கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை ஒரு வருஷமும் விட்டதில்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

"அனுப்புற காசை அதிகாரிகளே தின்றுவிடுவார்கள்" என்றும் ஒருவர் சொன்னார். கொஞ்சம் வீணாகத்தான் செய்யும். வீணாகாத காசு எங்கே இருக்கிறது? ஆனால் இப்போது உலகத்தில் நடப்பது வேறு. உலகம் முழுக்க நிவாரண வேலைக்கு 2025-க்கு 4,700 கோடி டாலர் வேண்டும் என்று ஐ.நா. கேட்டது. பணம் வராததால் அந்த ஜூன் மாதமே 2,900 கோடியாகக் குறைத்து, ரொம்ப மோசமான நிலையில் இருப்பவர்களை மட்டும் முதலில் பார்ப்போம் என்று பட்டியலைச் சுருக்கிவிட்டது. அப்படியென்றால் மற்றவர்கள்? அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி நிறுவனத்தையே 2025 ஜூலையோடு மூடிவிட்டது. பணக்கார நாடுகள் வருமானத்தில் நூறு ரூபாய்க்கு எழுபது காசு ஏழை நாடுகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஐ.நா. 1970-லேயே தீர்மானம் போட்டது. நார்வே, ஸ்வீடன் என்று விரல்விட்டு எண்ணும் நாடுகள்தான் அதைக் காப்பாற்றுகின்றன. மற்ற பணக்கார நாட்டுக்காரர்களும் நம் தெருக்காரர்கள் பேசியதைத்தான் பேசுகிறார்கள். தனக்கு மிஞ்சித்தான். எவ்வளவு இருந்தாலும் மிஞ்சவே மாட்டேன் என்கிறது.

சூடானில் 2023 ஏப்ரலில் தொடங்கிய சண்டை இது. 2024 ஆகஸ்டில் அங்கே வீடிழந்தவர்கள் தங்கிய ஜம்ஜம் முகாமில் பஞ்சம் என்றே அறிவித்தார்கள். பஞ்சம் என்ற சொல்லுக்கு வட ஆற்காட்டில் யாராவது அர்த்தம் சொல்ல வேண்டுமா? 1876-லிருந்து மூன்று வருஷம் இந்த மண் பார்த்ததுதானே. நம் வேலூர்ப் பக்கத்து மேல்மொணவூர் முகாமில் இலங்கைத் தமிழர்கள் எத்தனை வருஷமாக இருக்கிறார்கள்? அவர்களை வெளிநாட்டுக்காரர்கள் என்று நாம் விரட்டினோமா?

மறுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. கணக்குக் கேட்டிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம். சிரித்தீர்கள். முப்பது வருஷம் உங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

மூவாயிரத்தை என் ஓய்வூதியத்திலிருந்து நேற்றே அனுப்பிவிட்டேன். சங்கப் பணம் அப்படியே இருக்கட்டும். அடுத்த கூட்டத்துக்கும் வருவேன், இதையே மறுபடியும் கேட்பேன்.