கஷ்ட காலத்தில் அவர்கள் கையில் இருந்த புத்தகம்

போன மாதம் ஒரு தோழி இரவு பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் கேட்டாள்: “நீதான் எப்பப் பார்த்தாலும் வேற்றுக்கிரகம், டிராகன்னு படிச்சிட்டு இருக்கியே. அதையெல்லாம் எழுதுறவங்களுக்கே ஒரு கஷ்டம் வந்தா அவங்க என்னடா படிப்பாங்க?”

சும்மா கேட்ட கேள்வி இல்லை. கணவருக்கு உடம்பு சரியில்லாமல் நான்கு மாதமாக வீட்டுக்கும் மருத்துவமனைக்குமாக அலைந்துகொண்டிருக்கிறாள். யாராவது புத்தகம் கேட்டால் எனக்குப் பொதுவாகக் கை பரபரக்கும், மூச்சு விடாமல் பத்துப் பெயர் அனுப்பிவிடுவேன். அன்று ஒன்றுகூட வரவில்லை. “காலைல சொல்றேன், தூங்கு” என்று தப்பித்துக்கொண்டேன். அந்தக் காலை விடிய மூன்று வாரம் ஆகிவிட்டது.

முதலில் ஓர் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். உலகத்தில் எது நடந்தாலும் மறுநாளே ஒரு பட்டியல் வந்துவிடும். தொற்று பரவினால் தொற்று நாவல்கள், சர்வாதிகாரி வந்தால் சர்வாதிகார நாவல்கள், வெள்ளம் வந்தால் வெள்ளம். 2017 ஜனவரியில் ஆர்வெலின் ‘1984’ அமேசான் விற்பனையில் முதலிடத்துக்கு ஏறியது நினைவிருக்கும். அதைத் தப்பென்று சொல்லவில்லை. ஊருக்கு ஒரு கேடு வரும்போது அதற்கு ஒரு பெயர் வேண்டியிருக்கிறது, அந்தப் பெயர் நாவலில் கிடைக்கிறது. ஆனால் கேடு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டால் அந்தப் பட்டியல் செல்லாக்காசு. வயிற்றுவலிக்காரனிடம் போய் வயிற்றுவலியைப் பற்றி அருமையான நாவல் ஒன்று இருக்கிறது என்று சொல்வது போல.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் அம்மா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது, பையில் ஒரு தடித்த நாவலோடு போனேன். நாகரிகம் அழிந்த பிறகு மிச்சமிருக்கும் மனிதர்களின் கதை. எல்லோரும் கொண்டாடிய புத்தகம், எனக்கு மிகவும் பிடித்த வகை. பதினெட்டு நாளில் 41 பக்கம் தாண்டவில்லை. அதே நாற்காலியில் எனக்கு முன்னால் காத்திருந்த யாரோ ஒரு பழைய வார இதழை விட்டுப் போயிருந்தார்கள். அட்டை இல்லை, கடைசிப் பக்கங்கள் இல்லை. அதில் ஒரு தொடர்கதையின் பதினேழாவது அத்தியாயம். முன்கதையும் தெரியாது, முடிவும் தெரியாது. ஒரு மாமியாரும் இரும்புப் பெட்டி ஒன்றின் தொலைந்த சாவியும். அதை ஆறேழு முறை படித்தேன். இன்றைக்கும் அந்தச் சாவி எங்கே போனது என்று எனக்குத் தெரியாது.

தோழியின் கேள்வி என்னை நேராக அந்த நாற்காலிக்குத்தான் கொண்டுபோனது. சரி, பெரிய ஆட்களின் கையில் என்ன இருந்தது என்று பார்ப்போமே என்று, அலமாரியில் இருந்த நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் கட்டுரைகளையும் மறுபடி எடுத்தேன்.

மேரி ஷெல்லி. ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ எழுதிய கதை எல்லோருக்கும் தெரியும். 1815இல் தம்போரா எரிமலை வெடித்தது, அடுத்த வருடம் கோடையே வரவில்லை, ஜெனீவா ஏரிக்கரை வீட்டில் மழைக்கு அடைந்து கிடந்தவர்கள் ஒரு பேய்க்கதைத் தொகுப்பைப் படித்துவிட்டு ஆளுக்கொரு கதை எழுதுவோம் என்றார்கள். அழகான கதை, சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது அதற்கு முந்தைய வருடம். 1815 பிப்ரவரியில் மேரிக்குக் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அப்போது அவளுக்கு வயது 17. மார்ச் 6ஆம் தேதி நாட்குறிப்பில் சில சின்ன வாக்கியங்கள்தான்: குழந்தை இறந்து கிடப்பதைக் கண்டேன், நண்பருக்கு ஆள் அனுப்பினோம், பேசினோம், கொடுமையான நாள். அதற்கு அடுத்து, மாலையில் ‘ஜெசுயிட்டுகளின் வீழ்ச்சி’ படித்ததாக ஒரு வரி.

ஜெசுயிட்டுகளின் வீழ்ச்சி! குழந்தை போன அன்று மாலை, பதினேழு வயதுப் பெண், ஒரு துறவியர் சபை எப்படிச் சரிந்தது என்ற வரலாற்றைக் கையில் எடுக்கிறாள். முதல் முறை இதைப் படித்தபோது என்ன கல்நெஞ்சு என்று நினைத்தேன். வார இதழும் நானுமாக உட்கார்ந்திருந்த பிறகு அப்படித் தோன்றவில்லை. கண்ணுக்கு நடந்துபோக ஒரு வரி வேண்டும், அந்த வரியின் கடைசியில் நம் குழந்தை இருக்கக் கூடாது. அவ்வளவுதான் தேவை. இரண்டு வாரம் கழித்து அதே நாட்குறிப்பில் ஒரு கனவு வருகிறது. குழந்தை சாகவில்லை, குளிரில் விறைத்துத்தான் போயிருந்தது, நெருப்பருகே வைத்துத் தேய்த்தோம், உயிர் வந்துவிட்டது என்று. அந்தக் கனவிலிருந்து நாவலுக்குக் கோடு போடுவார்கள் விமர்சகர்கள், போடட்டும். என் மனதில் நிற்பது அந்த ஜெசுயிட் புத்தகம்.

அடுத்தவர் இத்தாலிய எழுத்தாளர் ப்ரீமோ லெவி. நாஜி வதைமுகாமின் சாட்சியாகத்தான் அவரைப் பலருக்குத் தெரியும். ஆனால் அவர் அறிவியல் புனைகதையும் எழுதியவர். 1966இல் அந்தக் கதைகளைத் தொகுத்து வேறொரு பெயரில் வெளியிட்டார். கவிதை எழுதும் இயந்திரத்தைப் பற்றிய கதை ஒன்று அதில் இருக்கிறது. இன்றைக்கு எடுத்துப் படித்தால் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கும்.

1945 ஜனவரியில் லெவி, ஆஷ்விட்ஸின் ஒரு பகுதியான மோனோவிட்ஸில், செங்காய்ச்சலோடு நோயாளிகள் குடிசையில் கிடக்கிறார். ரஷ்யப் படை நெருங்கிக்கொண்டிருக்கிறது. ஜெர்மானியர்கள் நடக்கக்கூடிய கைதிகளை எல்லாம் பனியில் கிளப்பிக்கொண்டு போகப்போகிறார்கள். நடக்க முடியாதவர்களைச் சுட்டுவிடுவார்களா, விட்டுவிட்டுப் போவார்களா, யாருக்கும் தெரியாது. கிளம்பும் கூட்டத்தில் ஒருவர், கைதியாக இருந்த ஒரு கிரேக்க மருத்துவர், போகிற போக்கில் ஒரு பிரெஞ்சு நாவலை லெவியின் படுக்கையில் எறிந்துவிட்டு, “படி, திரும்பச் சந்திக்கும்போது கொடு” என்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போகிறார். அந்தச் சொல்லுக்காக அவரை இன்னும் வெறுக்கிறேன் என்று லெவி எழுதியிருக்கிறார். சாகக் கிடப்பவனிடம் திரும்பச் சந்திப்போம் என்கிறாயே என்ற கசப்பு.

அவரை வெறுத்தார், சரி. புத்தகத்தைப் படித்தார்! பல வருடம் கழித்து, 1981இல், தன்னை உருவாக்கிய வாசிப்புகளை எல்லாம் சேர்த்து ஒரு தொகைநூல் போட்டார் லெவி. ஹோமர், டார்வின் என்று பெரிய பெரிய பெயர்களுக்கு நடுவே அந்த நாவலின் ஒரு பகுதியையும் வைத்தார். ரோஜர் வெர்செல் எழுதிய ‘ரெமோர்க்’. புயலில் மாட்டிக்கொண்ட கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்து வரும் மீட்புக் கப்பல் ஒன்றின் தலைவனைப் பற்றிய கதை. கயிறு, இயந்திரம், அலை, வேலை. சாவு வரலாம் வராமலும் போகலாம் என்ற இரவில் அவர் கையில் வேதம் இல்லை, தத்துவம் இல்லை, ஒருவன் தன் வேலையை ஒழுங்காகச் செய்வதைப் பற்றிய கதைதான் இருந்தது. அவர் தேர்ந்தெடுக்கவில்லை, யாரோ எறிந்துவிட்டுப் போனது. என் வார இதழ் மாதிரி என்று சொல்ல நாக்கு கூசுகிறது. எங்கே அது, எங்கே இது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கையில் புத்தகமே இல்லாத வாசிப்பும் அவரிடம் உண்டு. அதே முகாமில், சூப் எடுக்கப் போகும் வழியில், கூட வந்த இளைஞனுக்கு இத்தாலியன் சொல்லித்தருகிறேன் பேர்வழி என்று இத்தாலியக் கவி தாந்தேயின் காவியத்தில் யூலிஸஸ் வரும் பகுதியை நினைவிலிருந்து சொல்லத் தொடங்குகிறார். நடுவில் சில வரிகள் நழுவிவிட்டன. விட்ட இடத்தை இணைக்கும் வரி கிடைத்தால் இன்றைய சூப்பையே கொடுத்துவிடுவேன் என்று நினைக்கிறார். அந்த இடத்தில் சூப் என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். பள்ளியில் மனப்பாடம் செய்யச் சொன்ன ஆசிரியர்களை நான் திட்டியதெல்லாம் வாபஸ்.

மற்றவர்களைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ‘டைம் மெஷின்’ எழுதிய எச்.ஜி. வெல்ஸ் ஏழு வயதில் கால் முறிந்து படுத்தார். அப்பா நூலகத்திலிருந்து புத்தகங்களாகக் கொண்டுவந்து தந்தார். அந்தக் கால்முறிவு தன் அதிர்ஷ்டம் என்றே சுயசரிதையில் எழுதினார். சிறுவர்களுக்கு மாயக்கதைகள் எழுதிய டயானா வின் ஜோன்ஸ் கதை இதற்கு நேரெதிர். போர்க்காலத்துக் குழந்தை, அப்பா மகா கஞ்சர். ஆர்தர் ரான்சமின் சிறுவர் நாவல் வரிசையை மொத்தமாக வாங்கி உயரமான அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, மூன்று பெண்களுக்கும் சேர்த்து வருடத்துக்கு ஒரு புத்தகம் மட்டும் கிறிஸ்துமஸுக்கு எடுத்துக் கொடுப்பாராம். படிக்க எதுவும் இல்லாததால் தங்கைகளுக்காகத் தானே எழுத ஆரம்பித்தார் டயானா.

அப்புறம் ஒன்றைக் கவனித்தேன். எதிர்காலத்தைப் பற்றி எழுதியவர்கள் பலர் மிகப் பழைய புத்தகங்களோடு குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள். அறிவியல் புனைகதை எழுதிய உர்சுலா லெ க்வின் வீட்டில், பழைய சீனத் தத்துவ நூலான ‘தாவோ தே ஜிங்’கின் 1898ஆம் வருடப் பதிப்பு ஒன்று இருந்தது. மஞ்சள் துணி அட்டை, அதில் நீலத்திலும் சிவப்பிலும் சீன எழுத்துகள். அப்பா அடிக்கடி அதைப் புரட்டுவார். ஒருநாள் அவர் அதிலிருந்து ஏதோ குறித்துக்கொண்டிருக்க, என்ன செய்கிறீர்கள் என்று மகள் கேட்டார். என் இறுதிச் சடங்கில் எந்த அத்தியாயங்களைப் படிக்க வேண்டும் என்று குறிக்கிறேன் என்றார் அப்பா. அவர் போனதும் அந்த அத்தியாயங்களைத்தான் படித்தார்கள். லெ க்வின் இருபது சொச்சம் வயதிலேயே அந்த நூலை ஆங்கிலத்தில் ஆக்கத் தொடங்கி, 1997இல்தான் வெளியிட்டார். இன்னொரு அறிவியல் புனைகதை எழுத்தாளரான ஆக்டேவியா பட்லரும் தன் நாவலில் வரும் புது மதத்துக்குச் செய்யுள் எழுத வழி தெரியாமல் திணறியபோது அதே சின்ன நூலைத்தான் பிடித்துக்கொண்டார். நம் சுஜாதாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘என் இனிய இயந்திரா’ எழுதிய அதே கைதான் புறநானூற்றுக்கும் ஆழ்வார்களுக்கும் எளிய அறிமுகம் எழுதியது.

பட்லரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் என் கட்சிக்கு எதிர்சாட்சி. 1993இல் வந்த அவருடைய அந்த நாவலான ‘பேரபிள் ஆஃப் தி ஸோவர்’ கதை 2024இல் தொடங்குகிறது. வறட்சி, தீ, இடிந்த ஊர்கள். அதை எழுத அவர் செய்திகளாகப் படித்துத் தள்ளினார். கஷ்டத்துக்குக் கஷ்டத்தையே படித்தவர். பலன்? நாவல் 2020இல், அவர் இறந்து 14 வருடம் கழித்து, நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் ஏறியது. ஆனால் எழுதியவருக்கு மூச்சு முட்டிவிட்டது. கொஞ்சம் வேடிக்கையாக ஏதாவது எழுதினால்தான் பிழைப்பேன் என்று 2005இல் ரத்தக்காட்டேரிக் கதை ஒன்றுக்குத் தாவினார். அதுதான் அவருடைய கடைசி நாவல். ஆக, எதிர்சாட்சியும் கடைசியில் என் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று வைத்துக்கொள்கிறேன்.

இதெல்லாம் தப்பி ஓடுவதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன் 1939 மார்ச்சில், இரண்டாம் உலகப் போருக்கு ஆறு மாதம் முன்னால், ஒரு சொற்பொழிவில் பதில் சொல்லிவிட்டார். சிறையில் இருப்பவன் வீட்டை நினைத்தால் தப்பா, சிறைச்சுவரையும் காவலர்களையும் தவிர வேறெதையும் பேசக் கூடாதா என்று. சோம் போர்க்களத்திலிருந்து காய்ச்சலோடு திரும்பியவர், நெருங்கிய நண்பர்களை முதல் உலகப் போருக்குப் பறிகொடுத்தவர். ஆகவே அவர் வாயிலிருந்து வரும்போது அதற்கு ஒரு கனம் இருக்கிறது. தப்பித்தல் என்ற சொல்லைக் கேட்டால் பதறுபவர்கள் யார், ஜெயிலர்கள்தான் என்பதும் அவர் சொன்னதாக அவருடைய நண்பரும் எழுத்தாளருமான சி.எஸ். லூயிஸ் எழுதியது. 1944இல் மகன் விமானப்படைப் பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது, எழுதிக்கொண்டிருந்த அந்தப் பெரிய நாவலை அத்தியாயம் அத்தியாயமாக அவனுக்குத் தபாலில் அனுப்பினார். அந்தப் பையன் முகாமில் அதைப் பிரிக்கும் காட்சியை நான் அடிக்கடி கற்பனை செய்துகொள்வேன். அடுத்த அத்தியாயம் எப்போது வரும் என்று தெரியாமல், அப்பா அதை இன்னும் எழுதவேயில்லை என்பதும் தெரிந்து.

இவ்வளவையும் சுருக்கி, வழக்கம்போல ரொம்பவே நீளமாக, தோழிக்கு அனுப்பினேன். கூடவே மூன்று புத்தகங்களையும் கூரியரில் போட்டேன். சும்மா இருக்க முடியவில்லை, என்ன செய்ய.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. புத்தகங்கள் வந்து சேர்ந்தன, இன்னும் பிரிக்கவில்லை. மருத்துவமனைப் பையில் பையனின் எட்டாம் வகுப்புப் புவியியல் புத்தகம் எப்படியோ வந்து மாட்டிக்கொண்டதாம். நாலு நாளாக அதைத்தான் படிக்கிறாளாம்.

“கடல் நீரோட்டம் பாடம் போயிட்டிருக்கு,” என்று எழுதியிருந்தாள். “நல்லா இருக்குடா. அவன் பரீட்சைக்குக் கேக்குறான், இன்னும் குடுக்கல.”