பூட்டிக் கிடக்கும் அறை
சிறிய வீடுகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அவற்றில் வாழ்வதைத் தியாகம் போல அது சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் விருந்தினர் அறையில் வருடத்துக்கு நாலு நாள் யாராவது தங்கினால் அதிகம். மற்ற நாளெல்லாம் கட்டில் மேல் மடிக்காத துணிதான் குவிந்து கிடக்கிறது. அந்த அறையையும் பெருக்கித் துடைக்கிறோம், அதற்கும் சேர்த்தே கடன் கட்டுகிறோம்.

எப்போதாவது தேவைப்படும் இடத்தைப் பலர் சேர்ந்து பொதுவில் வைத்துக்கொள்ளலாமே. டென்மார்க்கில் 1972-இலேயே 27 வீடுகளுக்குப் பொதுவாக ஒரு சமையலறையும் சாப்பாட்டுக் கூடமும் வைத்துக் குடியேறினார்கள். அவரவர்க்குத் தனி வாசல், தனி அடுப்பும் உண்டு. தனியாக இருக்கும் முதியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்! ஒன்று மட்டும் சொல்வேன்: பாத்திரம் யார் தேய்ப்பது, இரவு எத்தனை மணிக்குச் சத்தம் அடங்க வேண்டும் என்பதையெல்லாம் குடிபோகுமுன் உட்கார்ந்து பேசிவிடுங்கள். மனக்கசப்பு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.