கொள்ளுப் பருப்பையே விலக்கச் சொன்ன டயட்

கோபி கடைவீதியில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் நான் என்ன சாப்பிட்டு இளைத்தேன் என்று கேட்கிறார்கள். வெயிலில் நின்று பதில் சொல்லி மாளவில்லை. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பேலியோ என்று நம்மூரில் சொல்கிறார்களே, அந்த மாவுச்சத்தைக் குறைத்த உணவை ஏழு மாதம் சாப்பிட்டேன். 81 கிலோ 70 ஆனது. பிறகு விட்டுவிட்டேன், இப்போது 73-ல் நிற்கிறது. தொடங்கியதற்கும் வருத்தமில்லை, விட்டதற்கும் வருத்தமில்லை.

முதல் வாரத்திலேயே 3 கிலோ இறங்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதில் பெரும்பகுதி வெறும் தண்ணீர் என்பது பிறகுதான் தெரிந்தது. உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன், ஒரு கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சோற்றை நிறுத்தினால் அது கரைகிறது, தண்ணீரும் உப்பும் கூடவே வெளியேறுகின்றன. நான்காம் நாள் மண்டையைப் பிளந்த தலைவலிக்கும் அதுதான் காரணம். எலும்பு சூப்பில் உப்பைக் கூட்டிக் குடித்த பிறகே தெளிந்தேன். (இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதைப் பார்த்துச் செய்துவிடாதீர்கள்.)

அதற்குப் பிறகு இறங்கியது தண்ணீர் இல்லை. பசி அடங்கியதைத்தான் இந்த டயட்டில் பெரிய வரவாக நினைக்கிறேன். காலையில் நான்கு முட்டையும் கீரையும் சாப்பிட்டுவிட்டுப் போனால், பதினொரு மணிக்கு வரும் வடையின் பக்கம் கை நீளவில்லை. நாமக்கல் பக்கத்தில் இருக்கும்போது முட்டைக்கு என்ன பஞ்சம்? ஊத்துக்குளி வெண்ணெயைக் கூசாமல் தின்னச் சொன்ன ஒரே டயட்டும் இதுதான்.

வம்பு வந்தது கொள்ளால். நான் இளைக்க வேண்டும் என்று அத்தை பாவம், வாரத்துக்கு மூன்று நாள் கொள்ளுப் பருப்பு கடைந்தார்கள். தட்டை நகர்த்தினேன். "ஏன் அம்மிணி, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்றுதானே சொல்வார்கள்?" என்றார்கள். என்னிடம் பதில் இல்லை. 100 கிராம் கொள்ளில் 22 கிராம் அளவுக்குப் புரதம் இருந்தாலும், மாவுச்சத்து 57 கிராம் இருக்கிறது. பேலியோ பட்டியலில் பருப்பு, பயறு எல்லாமே விலக்கு. நிலக்கடலையும் அந்த இனமாம், அதுவும் விலக்கு. எங்கள் மேட்டுக்காட்டில் விளைந்த கடலையை மூட்டை கட்டி விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் கலிபோர்னியா பாதாம் வாங்கி, காலையில் நூறு எண்ணித் தின்ற கூத்தை என்னவென்று சொல்வது! நூறு பாதாம் ஏறக்குறைய 700 கலோரி. ஐந்து பேர் சாப்பிடும் வீட்டில் ஒருத்திக்கு மட்டும் அந்தச் செலவு.

சோற்றுக்குப் பதில் ராகிக்களி தின்றால் பேலியோ ஆகிவிடும் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. களி நல்ல உணவுதான். சுண்ணாம்புச் சத்தும் நார்ச்சத்தும் அரிசியைவிட அதிகம். ஆனால் ராகி மாவிலும் 100 கிராமுக்கு 70 கிராம் பக்கம் மாவுச்சத்துதான்.

இந்த முறையொன்றும் நேற்று முளைத்ததில்லை. லண்டனில் சவப்பெட்டித் தொழில் செய்த வில்லியம் பேன்டிங், ரொட்டியையும் சர்க்கரையையும் உருளைக்கிழங்கையும் விட்டு இளைத்த கதையை 1863-லேயே சிறு நூலாக வெளியிட்டார். 2018-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 609 பேரை இரண்டு பிரிவாக்கி ஓராண்டு பார்த்தார்கள். மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோ இளைத்தார்கள், கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ. கணக்கில் எடுக்கும் அளவுக்கு வேறுபாடு இல்லை. இரு பிரிவுக்கும் சர்க்கரையையும் மைதாவையும் குறைத்துக் காய்கறியைக் கூட்டச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அதுதான் உறைத்தது. நான் விட்ட பட்டியலில் சோறு மட்டுமா இருந்தது? நாலு வேளை டீயின் சர்க்கரை, பரோட்டா, பேக்கரி பப்ஸ் எல்லாம் இருந்தன. இளைத்த பெருமையை ஏன் சோற்றை விட்டதற்கு மட்டும் கொடுக்க வேண்டும்?

ஏழாம் மாதம் இரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு 118-லிருந்து 164-க்கு ஏறியிருந்தது. எல்லோருக்கும் இப்படி ஏறுவதில்லை. டிரைகிளிசரைடு என்கிற இன்னொரு இரத்தக் கொழுப்பு குறைந்திருந்ததையும் சொல்லிவிட வேண்டும். மருத்துவர் வெண்ணெயை நிறுத்தச் சொன்னார். வெண்ணெயும் இல்லை, சோறும் இல்லை என்றால் பிறகு எதைத்தான் தின்பது? அன்று இரவு அரிசியும் பருப்புஞ்சோறு ஒரு கரண்டி போட்டுக்கொண்டேன், மேலே கொஞ்சம் நெய். (நெய்யை நிறுத்தச் சொல்லவில்லையே!) இப்போது மதியம் ஒரு கரண்டி சோறு, தட்டு நிறையப் பொரியல், இரண்டு முட்டை, கொள்ளு. அத்தை என்னோடு பேசுகிறார்கள்.

அண்ணன் கதை வேறு. என்னைப் பார்த்து அவரும் தொடங்கினார், யாரிடமும் சொல்லாமல். அவர் பத்து வருடமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர். சோற்றை நிறுத்தினார், மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே உள்ளே போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் சந்தையில் மாடு பார்த்துக்கொண்டிருந்தவர் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, அப்படியே உட்கார்ந்துவிட்டார். டீக்கடைக்காரர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தெளிய வைத்தார். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இப்படிச் சர்க்கரை ஒரேயடியாகத் தாழ்ந்துபோகும் ஆபத்து உண்டு. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கோ, இரத்தத்தில் அமிலம் ஏறும் வேறு ஆபத்து இருக்கிறது. இவர்களில் யாராவது கடைவீதியில் என்னை நிறுத்தினால் ஒன்றும் சொல்லப் போவதில்லை, மருத்துவரிடம் மாத்திரைச் சீட்டோடு போங்கள் என்பதைத் தவிர.