டெம்ப்ளேட்டுக்குள் கணக்குப் போடாதீர்கள்

இன்வாய்ஸை எப்படிக் காட்டுவது என்று சொல்லும் டெம்ப்ளேட் ஃபைலுக்குள்ளேயே கணக்கையும் போட்டிருந்தார்கள்; கோட் ரிவ்யூவில் நான் அதை அப்ரூவ் செய்யவில்லை. அந்த விவகாரம் இங்கே பலருக்கும் தெரியும். பேச வேண்டாம் என்றுதான் இருந்தேன். "ரெண்டு வரி இஃப் (நிபந்தனை) போட்டதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா" என்று முதுகுக்குப் பின்னால் பேசியது காதில் விழுந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அது ரெண்டு வரி இஃப் இல்லை. புரோகிராம் அனுப்பும் தகவலான எக்ஸ்எம்எல்லில் வரும் தொகையை எடுத்து, வாடிக்கையாளர் எந்த வகை என்று பார்த்து, தள்ளுபடி கழித்து, வரி சேர்த்து, மொத்தம் போடுகிற வேலை முழுக்க, அந்த எக்ஸ்எம்எல்லைப் பக்கமாக மாற்றும் டெம்ப்ளேட்டான எக்ஸ்எஸ்எல்டி ஃபைலுக்குள் இருக்கிறது. யாருக்குத் தள்ளுபடி என்பது வியாபார முடிவு. அதைத் தீர்மானிக்கும் இடம் டெம்ப்ளேட் இல்லை. முடிவான தொகையை எங்கே, எப்படிக் காட்டுவது என்பது மட்டும்தான் அதன் வேலை.

அதே இன்வாய்ஸ் பிடிஎஃப்பாகவும் போகிறது; அதற்கு வேறு ஸ்டைல்ஷீட், அதாவது இன்னொரு எக்ஸ்எஸ்எல்டி ஃபைல். கணக்கை அங்கேயும் காப்பி அடித்திருக்கிறார்கள். ஒன்றில் வரிக்கு முன்னால் ரவுண்ட் செய்கிறது, இன்னொன்றில் வரிக்குப் பின்னால். திரையில் ஒரு மொத்தம், பிடிஎஃப்பில் வேறு மொத்தம். ரிவ்யூவில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். "பைசா வித்தியாசம்தானே" என்றார்கள்.

அந்த ரவுண்டிங் போக, பைசா தவற இன்னொரு காரணமும் இருக்கிறது தெரியுமா? நாம் ஓட்டுவது 1999ல் வந்த எக்ஸ்எஸ்எல்டி 1.0. அதில் எண் என்றாலே, பல பின்னங்களைத் தோராயமாகத்தான் வைக்கும் ஃப்ளோட்டிங் பாயின்ட்தான். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது. 0.1ஐ அப்படியே வைக்கும் தசம எண் வகை 2007ல் வந்த 2.0ல்தான் கிடைத்தது. பணக் கணக்குப் போடும் இடமா அது?

"அப்போ டெம்ப்ளேட்டில் இஃப் வரவே கூடாதா?" வரலாம். பட்டியல் காலியாக இருந்தால் 'எதுவும் இல்லை' என்று காட்டுங்கள். ஒரு வரி விட்டு ஒரு வரி நிறம் மாற்றுங்கள். ஆனால் கெடு தேதி தாண்டியதா என்று தேதியை ஒப்பிடாதீர்கள். 'தாமதம்' என்ற குறி எக்ஸ்எம்எல்லிலேயே வரட்டும். அதைச் சிவப்பில் காட்டுவதா என்பதை டெம்ப்ளேட் பார்த்துக்கொள்ளும். அந்தச் சிவப்பை, தகவலை அனுப்பும் ஜாவா கோடில் எழுதி அனுப்புவதும் இதே அளவு தப்புதான். ஸ்ட்ரிங்டெம்ப்ளேட் என்ற டெம்ப்ளேட் கருவியை எழுதிய டெரன்ஸ் பார் 2004லேயே இதை விதிகளாக எழுதிவிட்டார். நான் கிளப்பிய புதுப் பிரச்சினை இல்லை.

"சின்ன ப்ராஜெக்ட்டுக்கு இதெல்லாம் எதற்கு?" சின்னதாகவே நின்றுவிட்ட ப்ராஜெக்ட்டை நான் பார்த்ததில்லை.

பழைய வேலையில் ஒரு டிசைனர் இருந்தார். ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ் இரண்டிலும் கெட்டிக்காரர். விலைப் பட்டியலின் நெடுவரிசைகளை இடம் மாற்றச் சொன்னார்கள், மாற்றினார். மொத்தத் தொகையே மாறிப்போனது. எத்தனையாவது செல் என்று எண்ணிக் கூட்டுகிற கோடை யாரோ டெம்ப்ளேட்டுக்குள் புதைத்து வைத்திருந்தார்கள். புதைத்தவரை யாரும் கேட்கவில்லை. மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கியது அந்த டிசைனர்தான். அதற்கப்புறம் ஒரு மார்ஜின் மாற்றக்கூட "தொடலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஃபைலைத் திறப்பார்.

என்னைப் புத்தகப் புழு என்று சொல்லிக்கொள்ளுங்கள். தன் வேலையைச் சரியாகச் செய்த ஒருவர் அப்படிப் பயந்து பயந்து ஃபைலைத் திறந்ததைப் பார்த்தவன் நான். அந்த இன்வாய்ஸ் கோடை இப்படியே விட்டால் அப்ரூவ் செய்ய மாட்டேன்.